இங்கிலாந்தில் வாழ்ந்த முன்னோரைப் பதிவேடுகளில் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி ஆவணமே கிடைக்காதோ என்று புதிதாகத் தேடுபவர்கள் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரே பெயரில் அளவுக்கு மீறி ஆட்கள் கிடைப்பார்கள். ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத், ஆன் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே தலைமுறை தலைமுறையாகச் சூட்டிக்கொண்ட நாடு அது. லங்காஷயரில் 1850 வாக்கில் பிறந்த ஜான் டெய்லர் என்று தேடினால் திரை நிரம்பி வழியும். அவர்களில் உங்கள் பூட்டனார் யார் என்று நிறுவுவதுதான் வேலை. பெயர் பொருந்தியதும் வேலை முடிந்துவிடாது, அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே தெரிந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள், ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டிக் குதிக்காதீர்கள். இறப்பிலிருந்து திருமணத்துக்கு, திருமணத்திலிருந்து பிறப்புக்கு, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயர்களைக் கொண்டு அவர்களுடைய திருமணத்துக்கு என்று படிப்படியாகப் போக வேண்டும். 1700களில் வாழ்ந்த ஒரு பிரபுவைப் பிடித்து வைத்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வருபவர்கள், வேறு யாருடைய குடும்பத்தையோ செலவு செய்து ஆராய்ந்து முடிப்பார்கள்.

நடைமுறையைக் காட்ட எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம்: சார்லி சாப்ளின். அவர் பிறந்தது தென் லண்டனின் ஏழைக் குடும்பம் ஒன்றில். பிற்பாடு உலகப் புகழ் பெற்றாலும், அவருடைய சிறுவயது சாதாரண மனிதர்களின் பதிவேடுகளில்தான் கிடக்கிறது. தேடலில் எதிர்ப்படும் சிக்கல்கள் பலவும் அவர் விஷயத்தில் உண்டு.

தொடங்கும் முன்

வீட்டில் இருப்பதை முதலில் திரட்டுங்கள். குடும்ப பைபிளின் முன் தாள்களில் பிறப்பு, இறப்புத் தேதிகள் எழுதியிருப்பார்கள். புகைப்படங்களின் பின்புறம், பழைய கடித உறைகளின் முத்திரை, கல்லறைக் கல்லின் வாசகம் ஆகியவற்றையும் பாருங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கம் இருந்தால் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வீரரின் எண், பெயர், படைப்பிரிவு அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் "சொன்னது" என்று குறித்தே எழுதுங்கள். "தாத்தா பெரிய அதிகாரி" என்ற வாய்மொழிக்குப் பின்னால் பல நேரம் ஒரு ரயில்வே பயர்மேன்தான் இருப்பார்.

ஒரு தேடல் குறிப்பேடு வேண்டும். எந்தத் தேதியில், எந்தப் பதிவேட்டில், எந்தெந்த எழுத்துக்கூட்டலில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடினீர்கள், என்ன கிடைத்தது என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். கிடைக்காமல் போன தேடல்களையும் எழுத வேண்டும். அவற்றை எழுதாதவர்கள் ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அதே தேடலை மறுபடியும் செய்வார்கள்.

பெயர் முறையைப் பற்றி ஒரு சொல். நம் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து தகப்பன் பெயரைக் குறிக்கும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே கடைசியில் வரும் குடும்பப்பெயர் மாறாது, பெண்ணுக்கு மட்டும் திருமணத்தோடு மாறிவிடும். எனவே ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் தெரியாமல் அவளுடைய வழியில் ஓர் அடிகூடப் பின்னால் போக முடியாது. செல்லப்பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: பாலி என்பவர் மேரியாக இருப்பார், ஜாக் ஜானாக, பெக்கி மார்கரெட்டாக, நான்சி ஆன் ஆக, ஹாரி ஹென்றியாக, சாலி சாராவாக. குடும்பப்பெயரின் எழுத்துக்கூட்டல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யாருக்கும் உறுதியாக இல்லை. எழுதத் தெரியாதவர் சொன்னார், எழுதுபவர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். லண்டன் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஹகர ஒலி விழுந்துவிடும். ஹாரிஸ் ஆரிஸ் ஆவார், சில நேரம் எல்லிஸ் ஹெல்லிஸ் ஆவார். உள்ளூர் உச்சரிப்பில் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

அரசுப் பதிவு: 1837 ஜூலை 1 முதல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855-இல், அயர்லாந்தில் முழுமையாக 1864-இல். அவை தனி நிர்வாகங்கள், தனி இணையதளங்கள். "இங்கிலீஷ்காரர்" என்று குடும்பத்தில் சொல்லப்பட்டவர் உண்மையில் ஐரிஷ்காரராகவோ ஸ்காட்லாந்துக்காரராகவோ இருப்பது வெகு சகஜம். இங்கிலாந்துப் பதிவுகளில் ஆளே இல்லையென்றால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

பதிவுகளின் அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கும். மார்ச் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. கணக்கில் எடுப்பது பதிவு செய்த தேதி, பிறந்த தேதி அல்ல. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால், நவம்பர் கடைசியில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம். அட்டவணையின் ஒரு வரியில் பெயர், பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண் ஆகியவை இருக்கும். பதிவு மாவட்டம் என்பது ஊரின் பெயர் அல்ல. ஏழைகள் நிவாரணத்துக்காக 1834-க்குப் பின் உருவான ஒன்றியங்களை ஒட்டி அமைந்த எல்லை அது. வால்வொர்த்தில் பிறந்த குழந்தை, காலத்தைப் பொறுத்து, நியூவிங்டன் அல்லது செயின்ட் சேவியர் (St Saviour) சவுத்வார்க் மாவட்டத்தில் பதிவாகியிருக்கும். வால்வொர்த் என்ற பெயரை மாவட்டப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

இரண்டு அட்டவணைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஒன்று, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த ஃப்ரீபிஎம்டி. இலவசம், மூன்று வகைப் பதிவுகளுக்கும் உண்டு. மற்றொன்று பொதுப் பதிவு அலுவலகமான ஜி.ஆர்.ஓ. தன் தளத்தில் வைத்திருக்கும் புதிய அட்டவணை. கணக்குத் தொடங்கினால் இலவசமாகத் தேடலாம், ஆனால் அதில் திருமணங்கள் இல்லை. பழைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும், இறந்தவரின் வயது 1866-இலிருந்துதான் வரும். புதிய ஜி.ஆர்.ஓ. அட்டவணையிலோ இரண்டும் 1837 முதலே உண்டு.

இந்த ஒரு வேறுபாட்டை வைத்து ஒரு குடும்பத்தின் எல்லாக் குழந்தைகளையும் பைசா செலவில்லாமல் வரிசைப்படுத்திவிடலாம். குடும்பப்பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் கொடுங்கள், முதல் பெயரைக் காலியாக விடுங்கள். ஒரு ஆண்டும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகளுமாக ஒரே தேடலில் ஐந்து ஆண்டுகள் அடங்கும். ஆண், பெண் என்று தனித்தனியாகத் தேட வேண்டும். இருபது ஆண்டு மண வாழ்க்கையை எட்டுத் தேடல்களில் முடித்துவிடலாம். கைக்குழந்தையாக இறந்து எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறாத பிள்ளைகளும் இதில் வெளிப்படுவார்கள். தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால், பெரும்பாலும் அது மணமாகாத தாயின் குழந்தை.

அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள். அது வழிகாட்டும் பலகைதான், ஆதாரம் மூலப் பதிவில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் உயர்ந்த கட்டணப்படி தாளில் அச்சிட்ட சான்றிதழ் 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8 பவுண்டு, பதிவேட்டின் மின்படம் 3 பவுண்டு. மின்படம் நூறு ஆண்டு கடந்த பிறப்புகளுக்கும் 1837 முதல் 1887 வரையிலான இறப்புகளுக்கும் கிடைக்கும். இந்தியாவிலிருந்து தேடுபவர்கள் தபாலுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத மின்படத்தையே எடுக்கலாம், உள்ளடக்கம் ஒன்றுதான். திருமணத்துக்கு மட்டும் தாள் சான்றிதழைத் தவிர வழியில்லை. ஆனால் தேவாலயத்தில் நடந்த திருமணமாக இருந்தால் பணம் கட்டும் முன் வம்சாவளித் தேடல் தளங்களான ஆன்செஸ்ட்ரியிலோ ஃபைண்ட்மைபாஸ்டிலோ தேவாலயப் பதிவேட்டின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதே விவரங்கள், அதோடு மணமக்களின் சொந்தக் கையெழுத்தும்.

சான்றிதழை வாசிப்பதிலும் ஒரு பயிற்சி வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தேதியோடு நேரமும் குறித்திருந்தால் இரட்டைக் குழந்தையாக இருக்க வாய்ப்பு உண்டு, கூடப் பிறந்ததைத் தேடுங்கள். தந்தையின் கட்டம் காலியாக இருந்தால் பெற்றோர் மணமாகாதவர்கள். 1875 முதல், மணமாகாத தந்தை பதிவாளரிடம் தாயோடு நேரில் வந்தால்தான் அவர் பெயரை எழுதினார்கள். திருமணச் சான்றிதழில் "முழு வயது" என்றிருந்தால் 21-ஐத் தாண்டியவர் என்று மட்டுமே பொருள். தாயின் பெயர் இங்கிலாந்துத் திருமணப் பதிவில் 2021 மே மாதம் முதல்தான் சேர்ந்தது, அதற்கு முன் தந்தை மட்டும்தான். அந்தத் தந்தை பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தகப்பன் பெயர் தெரியாத மாப்பிள்ளை பாதிரியார் முன்னால் வெட்கத்துக்காகத் தாத்தாவின் பெயரைச் சொல்லிவிடுவது உண்டு. இறப்புச் சான்றிதழில் உள்ள வயதோ, தகவல் தந்தவருக்குத் தெரிந்த வயது. மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லியிருந்தால் ஐந்து ஆண்டு கூடக் குறைய இருக்கும்.

பத்தாண்டுக்கு ஒரு முறை வீட்டுக்குள் எட்டிப் பார்த்தல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801-இல் தொடங்கினாலும், நாடு முழுவதும் பெயர் வாரியாகப் பார்க்கக் கிடைப்பது 1841 முதல்தான். ஒவ்வொன்றும் ஒரே ஓர் இரவின் நிலவரம். அந்தத் தேதிகள் வயதைக் கணக்கிட உதவும்: 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2, 1921 ஜூன் 19. 1931-இன் தாள்கள் 1942-இல் தீயில் அழிந்தன. 1941-இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு. அதில் ஒவ்வொருவரின் பிறந்த தேதியும் இருக்கும். பிற்காலத்தில் சுகாதாரச் சேவையும் அதையே பயன்படுத்தியதால், பின்னர் மணமான பெண்களின் புதிய குடும்பப்பெயரை மேலே எழுதி வைத்திருப்பார்கள். பேத்திகளைத் தேடுபவர்களுக்குப் புதையல் அது.

1841-ஐ எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். உறவுமுறை எழுதவில்லை, ஒரே வீட்டில் இருப்பவர்கள் அண்ணன் தம்பியா கணவன் மனைவியா என்று நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். பிறந்த ஊரும் இல்லை, அதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை மட்டும். 1851 முதல் உறவுமுறை, மண நிலை, பிறந்த ஊர் எல்லாம் வந்துவிட்டன. பிறந்த ஊர்தான் இவற்றில் விலை மதிப்பற்றது, 1837-க்கு முந்தைய தேவாலயப் பதிவேட்டுக்கு அதுதான் கதவு. ஆகவே 1851 வரை உயிரோடு இருந்த முன்னோரை அந்தக் கணக்கெடுப்பில் எப்பாடுபட்டாவது கண்டுபிடியுங்கள்.

1901 வரை நாம் பார்ப்பது வீட்டார் எழுதிய தாள் அல்ல, கணக்கெடுப்பாளர் அதைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிய படி. அவர் ஒரு தவறு செய்திருப்பார், நம் காலத்தில் அதைக் கணினியில் ஏற்றியவர் இன்னொரு தவறு செய்திருப்பார். வயதின் மேல் அலுவலகக் குமாஸ்தாக்கள் கூட்டிப் பார்க்கும்போது போட்ட பட்டைக் கோடுகள் 1-ஐ 4 போலவும் 6-ஐ 0 போலவும் காட்டும். அதனால் தட்டச்சு செய்த வரியோடு நிற்காமல் படத்தைத் திறந்து பார்ப்பது கட்டாயம். ஒரு பக்கம் முன்னும் பின்னும் புரட்டுங்கள். மாமனார் வீடு மூன்று வாசல் தள்ளியே இருக்கும்.

உறவுச் சொற்களில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இன்று மருமகன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அன்று மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளைக்கும் எழுதினார்கள். எட்டு வயது "மருமகனை"ப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு இது இரண்டாவது திருமணம் என்ற செய்தி அதில் இருக்கிறது.

1911 முதல் குடும்பத் தலைவர் தன் கையால் எழுதிய தாளே இருக்கிறது. மணமான பெண்களுக்கு எத்தனை ஆண்டு மண வாழ்க்கை, எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை இறந்தது என்று அதில் கேட்டார்கள். ஜி.ஆர்.ஓ. அட்டவணையில் நீங்கள் திரட்டிய பிள்ளைகளின் எண்ணிக்கையை இதோடு ஒப்பிடுங்கள். 1921-இல் வேலை கொடுத்த முதலாளியின் பெயரும் வந்துவிடும்.

தேடி ஆள் கிடைக்காதபோது குடும்பப்பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், தோராய வயது, பிறந்த ஊர் மூன்றை மட்டும் கொடுங்கள். அல்லது அந்த வீட்டில் அரிதான பெயர் கொண்ட ஒரு பிள்ளையைத் தேடுங்கள். மேரியைத் தேடுவதைவிட அவளுடைய தம்பி எபினேசரைத் தேடுவது எளிது. கவுண்டி எல்லைகளையும் மறக்கக் கூடாது. வால்வொர்த் 1889 வரை சர்ரே கவுண்டி, அதன்பின் லண்டன். ஒரே ஆள் ஒரு கணக்கெடுப்பில் சர்ரேக்காரராகவும் அடுத்ததில் லண்டன்காரராகவும் இருப்பார், அவர் வீடு மாறியிருக்கவே மாட்டார். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய நிலஅளவை வரைபடங்களும் இலவசம். தெருவை அதில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழே இல்லையென்றால்

சாப்ளின் பிறந்தது 1889 ஏப்ரலில். பதிவு செய்யாவிட்டால் தண்டனை என்ற சட்டம் 1875-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அவருடைய பிறப்புப் பதிவு இன்று வரை கிடைக்கவில்லை. 1952-இல் அமெரிக்காவின் எஃப்பிஐ கேட்டுக்கொண்டதால் பிரிட்டிஷ் உளவுத்துறை எம்ஐ5 தேடியது, அதற்கும் அகப்படவில்லை. 2012-இல் வெளியான கோப்புகளில் இது இருக்கிறது. உளவுத்துறைக்கே கிடைக்காத சான்றிதழ் உங்களுக்கும் கிடைக்காமல் போகலாம், தேடல் அங்கே நின்றுவிட வேண்டியதில்லை.

சான்றிதழுக்குப் பதிலாக மற்ற ஆவணங்களை அடுக்கிப் பாருங்கள். பெற்றோர் சார்லஸ் சாப்ளினும் ஹன்னா ஹில்லும் 1885 ஜூனில் வால்வொர்த் செயின்ட் ஜான் தேவாலயத்தில் மணந்தார்கள், அந்தப் பதிவு உண்டு. அண்ணன் சிட்னி அதற்கு மூன்று மாதம் முன்பே பிறந்துவிட்டதால் அவரை சாப்ளின் என்று தேடினால் கிடைக்காது, தாயின் பெயரான ஹில் என்று தேட வேண்டும். பெற்றோர் இருவரும் மேடைப் பாடகர்கள் என்பதால் இசை அரங்கத் தொழிலின் பத்திரிகையான தி மேக்னெட், 1889 மே 11 இதழில், குழந்தை பிறந்த செய்தியை வெளியிட்டது. பழைய பத்திரிகைகளைத் தேடுபவர்கள் மேடைப் பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஹன்னா அங்கே லில்லி ஹார்லி. 1891 கணக்கெடுப்பில் வால்வொர்த்தின் பார்லோ தெருவில் தாயோடும் சிட்னியோடும் குழந்தை சார்லி இருக்கிறார், தந்தை அந்த வீட்டில் இல்லை. 1896-இல் தாயும் பிள்ளைகளும் ஏழைகள் விடுதியில் சேர்ந்தார்கள். அங்கிருந்து சார்லியை ஹான்வெல்லில் இருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1896 ஜூன் முதல் 1898 ஜனவரி வரை அவர் அங்கே இருந்தது பதிவாகியிருக்கிறது.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் தனித்தனிக் காரணங்களுக்காகத் தனித்தனி ஆட்கள் எழுதிய ஐந்து ஆவணங்கள் ஒரே குடும்பத்தைக் காட்டுகின்றன. பெற்றோர் யார், ஏறக்குறைய எப்போது, எந்த வட்டாரம் என்பது தெரிந்துவிடுகிறது. இந்த வகை ஆதாரமே போதுமானது. அதோடு ஏழ்மை நிறையத் தாள் எழுத வைக்கும். விடுதியில் சேர்த்த நாள், வெளியேறிய நாள், மதம், உறவினர் முகவரி என்று கூலித் தொழிலாளியைப் பற்றி எழுதியிருக்கும் அளவுக்கு ஒரு நடுத்தரக் கடைக்காரரைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். லண்டன் விடுதிகளின் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்திலும், மற்ற இடங்களுடையவை அந்தந்தக் கவுண்டி ஆவண அலுவலகத்திலும் இருக்கும்.

1837-க்கு முன்: தேவாலயப் பதிவேடுகள்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) எழுதி வைக்க வேண்டும் என்று 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். 1598 முதல் அவற்றின் படியை ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்ப வேண்டும் என்று விதியானது. மூலப் பதிவேடு எலியிடமோ ஈரத்திடமோ போய்விட்ட ஊர்களில் இந்த பிஷப் படிகள்தான் கை கொடுக்கும். 1640-களிலும் 1650-களிலும், உள்நாட்டுப் போரையொட்டி, பல ஊர்ப் பதிவேடுகளில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

1813 ஜனவரி முதல் அச்சிட்ட படிவம் வந்தது. ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர், குடியிருப்பு, தந்தையின் தொழில் இருக்கும், அடக்கப் பதிவில் வயது இருக்கும். அதற்கு முன்னால் பாதிரியாரின் மனநிலைதான் படிவம். சிலர் "ஜானின் மகன் ஜான்" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுவார்கள். 1733 வரை லத்தீனிலும் எழுதினார்கள், வில்லியம் அங்கே குலியெல்மஸ், ஜேம்ஸ் அங்கே யாக்கோபஸ்.

திருமணத்துக்கு 1754 மார்ச் 25 ஒரு பெரிய கோடு. அன்று முதல் யூதர்களையும் குவேக்கர்களையும் தவிர எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபைத் தேவாலயத்தில்தான் மணக்க வேண்டும், மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். மூன்று ஞாயிறு தேவாலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து மணந்தார்களா, உரிமம் வாங்கி மணந்தார்களா என்று எழுதியிருக்கும். உரிமம் என்றால் அதற்கான வாக்குமூலத் தாளையும் தேடுங்கள், வயதும் ஊரும் அதில் இருக்கும். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் குடும்பங்கள் தேவாலயத்தில் மணந்துவிட்டுப் பிள்ளைகளைத் தங்கள் சபையில் ஞானஸ்நானம் செய்திருப்பார்கள். திருமணம் கிடைத்து ஒரு குழந்தைகூடக் கிடைக்காவிட்டால், லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், இத்தகைய சபைகளின் பதிவேடுகள் அடங்கிய ஆர்.ஜி. 4 தொகுப்பைப் பாருங்கள்.

தேதிக் குழப்பம் ஒன்று. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். பதிவேட்டில் 1720 ஏப்ரலில் திருமணம், 1720 பிப்ரவரியில் முதல் குழந்தை என்று இருந்தால் முறைகேடு எதுவும் நடக்கவில்லை. அந்தப் பிப்ரவரி, நம் கணக்கில் 1721. எழுதும்போது 1720/21 என்று இரண்டையும் எழுதுவது வழக்கம்.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. பெரும்பாலும் சில வாரங்களில் நடக்கும், ஆனால் நான்கைந்து பிள்ளைகளை ஒரே நாளில் கூட்டிப்போன குடும்பங்களும் உண்டு. 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி இருந்தது, பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. வரி தொடங்கும் முன் 1783 செப்டம்பரில் ஞானஸ்நானங்கள் குவிந்திருப்பதைப் பல பதிவேடுகளில் பார்க்கலாம்.

உயில், படை

1858 ஜனவரி 12-க்குப் பின் எல்லா உயில்களுக்கும் ஒரே தேசிய அட்டவணை, இறந்த தேதி, இடம், சொத்து மதிப்பு, நிறைவேற்றுபவர் பெயரோடு. அதற்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும். வசதியானவர்களுடையது பெரும்பாலும் கான்டர்பரி நீதிமன்றத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தின் பிராப் 11 தொகுப்பில் இருக்கும். மணமான பெண்களின் உயில் 1883-க்கு முன் அரிது.

முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோயின. கோப்பு இல்லையென்றால் பதக்க அட்டையைத் தேடுங்கள், அது பெரும்பாலும் தப்பியிருக்கிறது.

சென்னை மாகாணத்துக்கு வந்தவர்கள்

பெரம்பூரிலோ போத்தனூரிலோ பொன்மலையிலோ வேர் உள்ள ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் என்றால் முதல் நிறுத்தம் இங்கிலாந்துப் பதிவேடு அல்ல. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 வரிசை. 1698 முதல் உள்ளவை. படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டில் கட்டணத்துக்கு, அட்டவணையின் பெரும்பகுதி பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களை ஆராயும் ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் இலவசமாக. மூலப் பதிவேடுகள் இங்குள்ள தேவாலயங்களிலேயே இருக்கும். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1680-இல் கட்டி முடித்த செயின்ட் மேரி தேவாலயத்தின் முதல் திருமணப் பதிவு, பிற்பாடு மெட்ராஸ் ஆளுநரான எலிஹு யேல் உடையது.

இந்தப் பதிவுகளில் இரண்டு குறை. தாய் இந்தியப் பெண்ணாக இருந்தால் அவள் பெயரை விட்டுவிட்டிருப்பார்கள், அல்லது ஞானஸ்நானப் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்து வேரைப் பதிவேடு காட்டாது. இரண்டாவது, தந்தை இங்கிலாந்தில் எந்த ஊர் என்று இருக்காது. அந்தப் பாலத்தைக் கட்டுவது படை ஆவணம். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையா, அரசரின் படையா என்று முதலில் தீர்மானியுங்கள். கம்பெனிச் சிப்பாய் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் எல்/மில்/9 வரிசையில் கப்பலேறியோர் பட்டியல்கள் உண்டு, மெட்ராஸ் படைக்குத் தனியாக எல்/மில்/11. அவற்றில் ஊர், வயது, முன்பு செய்த தொழில் போன்றவை கிடைக்கும். அரசரின் படை என்றால் கியூவில் டபிள்யூ.ஓ. 97, ஓய்வூதியம் பெற்றோர் கோப்புகள். இங்கேயே இறந்தவர் என்றால் அதில் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

எங்கே வழி தவறும்

இணையத்தில் மற்றவர்கள் ஏற்றிவைத்த குடும்ப மரங்களைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்த தவறை நாற்பது பேர் நகலெடுத்திருப்பார்கள், நாற்பது பேர் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. ஆவணப் படம் இணைக்காத மரம் வெறும் பேச்சு.

பொருத்தமான வயதில் பொருத்தமான ஊரில் ஒரு ஞானஸ்நானம் கிடைத்துவிட்டால் உடனே கொண்டாடாமல், அந்தக் குழந்தையைக் கொல்ல முயலுங்கள். அடுத்த பத்து ஆண்டு அடக்கப் பதிவுகளில் அதே பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு வயதில் இறந்துபோன குழந்தையிலிருந்து ஐந்து தலைமுறை வளர்த்தவர்கள் நிறையப் பேர். மூத்த பிள்ளை இறந்ததும் அடுத்து பிறந்ததற்கு அதே பெயரை வைப்பதும் அங்கே வழக்கம். ஒரே பெற்றோருக்கு இரண்டு தாமஸ் இருந்தால் பெரும்பாலும் முதலாமவர் இறந்துவிட்டார் என்று பொருள், உங்கள் ஆள் இரண்டாமவர்.

பின்னால் போக முடியாமல் முட்டி நின்றால் பக்கவாட்டில் போங்கள். அண்ணன், அக்காள், திருமணச் சாட்சி, கணக்கெடுப்பு இரவில் வந்து தங்கிய மருமகள் என்று ஒவ்வொருவரையும் தனியே தேடுங்கள். உங்கள் பூட்டனார் பிறந்த ஊரை "தெரியாது" என்று எழுதியிருக்கலாம், அவருடைய தங்கை தெளிவாக எழுதியிருப்பார்.

இணையத்தில் இல்லாதது இன்னும் ஏராளம். கவுண்டி ஆவண அலுவலகத்துக்கு எழுதும்போது "எங்கள் குடும்பத்தைப் பற்றி இருப்பதை எல்லாம் அனுப்புங்கள்" என்று கேட்டால் பதில் வராது, அல்லது ஆய்வுக் கட்டணப் பட்டியல் வரும். தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஸ்கவரி பட்டியலில் முதலில் தேடி ஆவணக் குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண், பங்கின் பெயர், பத்து ஆண்டுக்கு மிகாத கால வரம்பு, தேடும் பெயரின் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள், நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட பதிவேடுகள் ஆகியவற்றை அரைப் பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள்.